என் முகத்தின் வலப்பாதி

அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பதிவுச் சீட்டில் நோயாளி என்று எழுதப்பட்டது என் பெயர்தான்.

ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் என் மனைவி மலர்விழி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்து காப்பி கேட்டேன். நிமிர்ந்து பார்த்தவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னங்க, உங்க முகத்துக்கு என்ன ஆச்சு?"

கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். சோப்பு நுரை ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நினைத்தேன்.

"வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கண்ணு இறங்கிருச்சு. ஸ்ட்ரோக் லா இது. பேசாதீங்க. சட்டையப் போடுங்க, போலாம்."

கண்ணாடியில் பார்த்தேன். என் முகம் எப்போதும்போல இருந்தது. சொன்னால் கேட்கவில்லை. நோய் வந்தவர்களுக்கு அது தெரியாது என்று எங்கோ படித்திருக்கிறாளாம். கெரேத்தா (கார்) சாவியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ரத்தம் அடைபட்ட மூளையோடு அவள்தான் அன்று காரை ஓட்டினாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அவசரப் பிரிவின் தாழ்வாரத்தில் என்னை உட்காரவைத்து ஒரு மலாய் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். சிரிக்கச் சொன்னார். பிறகு முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "அங்கிள் ஓகே லா, ஒண்ணுமில்லை" என்று மலரிடம் சிரித்தார்.

மலர் பின்னால் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டும்வரை நகர்ந்தாள். தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இருக்குங்க," என்றாள். "அந்தக் கொழந்தைக்குக்கூட."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நர்ஸுக்கும் புரிந்திருக்க வேண்டும். என் மணிக்கட்டில் கட்டியிருந்த நோயாளிப் பட்டையைக் கழற்றி அவள் கையில் சுற்றினார்.

*

இதை எழுதும் நான் நோயாளி இல்லை, உடனிருந்தவன். பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மலர் நாங்கள் குடியிருக்கும் தீவுக்குள்ளேயே ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, பதாகை வடிவமைப்பவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த நோய் அரிதானது. எங்களுக்கு அது வந்தபோது தமிழில் வாசிக்க எதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு வீட்டில் இன்னொருவர் இப்படித் தேடிக்கொண்டிருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் (காந்தப் புலத்தால் மூளையைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். மூளையின் பின்பகுதியில், வலப்பக்கமாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவரில் சின்னக் கிழிசல் விழுந்து, அங்கே உறைந்த ரத்தத் துணுக்கு மேலே போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முந்திய இரண்டு நாளும் பின்கழுத்து வலிக்கிறது என்று மலர் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். படுத்த வாக்கில் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நான் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டேன்.

நரம்பியல் மருத்துவர் டாக்டர் ஓங், ஐம்பது வயதிருக்கும் சீனப் பெண்மணி. தைலம் தேய்த்ததைப் பற்றித்தான் அவரிடம் முதலில் கேட்டேன்.

"கிழிசல் விழுந்த பிறகுதான் வலி வந்திருக்கும். உங்கள் கை அதைச் செய்யவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்," என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். கேட்டுக்கொண்டேன். ஆனாலும் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன்.

நோயின் பெயர் புரொசோபோமெட்டமார்போப்சியா (முகங்கள் மட்டும் உருக்குலைந்து தெரிகிற கோளாறு). கண்ணில் பழுதில்லை. மனநோயும் இல்லை. முகங்களைச் சேர்த்துப் பார்க்கிற இடத்தில் மட்டும் மூளைக்கு அடி. மலருக்கு எல்லா முகத்திலும் வலப்பாதிதான் கெட்டது. இடப்பாதி சரியாக இருக்கும். வலக்கண் கன்னத்துக்கு வழிந்துவிடும். வாய் காதுவரை கிழிந்து போகும். பல்லெல்லாம் நீளும். தோல் பிசைந்த மாவுபோல ஈரமாக நெளியும். யார் யாரென்று அவளுக்குத் தெரியும். அதுதான் கொடுமை. அறிமுகமில்லாத பேயாக இருந்தால் ஓடிவிடலாம்.

டாக்டர் ஓங் செய்த ஒரு காரியத்தை நான் மறக்கவில்லை. மலர் தரையைப் பார்த்தபடியே பதில் சொல்வதைக் கவனித்தவர், நாற்காலியைச் சுழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதி அரைமணி நேரமும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார். மலர் முதல்முறையாகத் தலைநிமிர்ந்து அவருடைய முதுகைப் பார்த்துப் பேசினாள்.

"திரும்ப வருமா டாக்டர்?"

"சிலருக்கு வாரங்களில். சிலருக்கு வருடங்களில். சிலருக்கு முழுதாக வராது. உங்களுக்கு எது என்று எனக்குத் தெரியாது."

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். முகத்துக்கென்று மாத்திரை கிடையாது.

*

வீட்டில் கண்ணாடிகளை எல்லாம் பழைய நாட்காட்டித் தாளால் மூடினோம். அவளுடைய முகமும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

நான் அறைக்குள் வருமுன் செருமுவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு உள்ளே போவேன். என் இடப்பக்கம் அவளுக்குத் தெரியும்படி உட்காரப் பழகினேன். சாப்பாட்டு மேசையில், காரில், சோபாவில் எல்லாம் இடத்தை மாற்றினோம். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

"உங்க குரல் நல்லாத்தான் இருக்கு. அது அந்த வாயிலேர்ந்து வர்றதுதான் தாங்கல."

புக்கிட் மெர்தாஜமில் இருக்கும் அவளுடைய அக்கா தேவகி, காத்துக் கருப்பாக இருக்கும், ஒருவரிடம் போய்ப் பார்க்கலாம் என்றார். "ஸ்கேன்ல தெரியுதுக்கா" என்றேன். "ஸ்கேன்ல எல்லாம் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மலருக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று ஒருவர் நம்பினாலும் அது அவள் காதில் விழும். நோயாளி முன்னால் அந்தப் பேச்சை எடுக்க விடாதீர்கள்.

இரண்டாவது வாரம் தேவகி அக்கா கைப்பேசியில் வீடியோ அழைப்பு போட்டார். எடுக்க மாட்டேன் என்ற மலரின் விரல் தவறிப் பட்டுவிட்டது. திரையில் அக்கா முகம். மலர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நீ நல்லாருக்க," என்று அழுதாள். "நீ நல்லா இருக்கக்கா."

படத்தில், திரையில் வரும் முகங்கள் அவளுக்குச் சரியாகத் தெரிந்தன. இந்த நோயில் சிலருக்கு அப்படி உண்டு என்று டாக்டர் ஓங் பிறகு சொன்னார். அன்று நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வரவேற்பறையில் இருந்த என் மனைவியைக் கைப்பேசியில் அழைத்தேன். பதினைந்து நாளுக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய சிரிப்பு நேரிலும் கேட்டது, கையிலும் கேட்டது.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்து பாலம் கடந்து வந்ததும் இதுதான் வழக்கம். இரண்டு தட்டு, இரண்டு அறை, இரண்டு கைப்பேசி. கொஞ்ச நாள் சந்தோஷமாகக்கூட இருந்தோம். புதிதாகப் பழகுகிறவர்கள்போல.

ஆனால் நான் கெட்டுப்போய்க்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

என் மனைவி என்னைக் கண்டு தினமும் பயந்தாள். காரணம் தெரியும். ஸ்கேன் படம் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அருகில் போகும்போது ஒருத்தியின் உடம்பு சிலிர்த்து ஒடுங்குவதைத் தினம் பார்த்தால், காரணம் தெரிந்த மனசுக்குக் கீழே இன்னொரு மனசு அதை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது. தொழிற்சாலைக் கழிவறையில் கண்ணாடி முன்னால் நின்று வலக்கன்னத்தை அழுத்திப் பார்ப்பேன். அங்கே ஏதோ இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றும்.

மூன்றாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் கல்யாண நாள். கேக் வாங்கி வந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். "ஒரு தடவ பாரு மலர்," என்றேன். "ஃபோன்ல வேணாம். நேரா பாரு. நான்தானே."

"முடியலங்க."

"பழகினாத்தான் போகும். டாக்டரும் சொன்னாங்கல்ல." டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

எழுந்துபோய் அவள் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "கண்ணத் தெற," என்று கத்தினேன். இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தேன். திறந்தாள். ஐந்தாறு விநாடி பார்த்தாள். பிறகு மேசைமேலேயே வாந்தி எடுத்தாள்.

கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து ஆறிக்கொண்டிருந்த ஒருத்தியின் தலையை நான் பிடித்துத் திருப்பியிருக்கிறேன். அது அப்புறம்தான் உறைத்தது.

அன்று சாயங்காலமே தேவகி அக்கா வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மலர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "மாத்திரை பிரிட்ஜ் மேல இருக்கு, எடுத்துக் குடுங்க," என்றாள். அவ்வளவுதான்.

*

அவள் ஏழு மாதம் அக்கா வீட்டில் இருந்தாள். வாரம் இரண்டு முறை பேசுவோம், குரல் மட்டும். வீடியோவில் பேசலாமா என்று ஒருமுறை கேட்டேன். "வேணாங்க. அது படம். படத்தோட எத்தன நாளு குடும்பம் நடத்தறது?" என்றாள்.

டாக்டர் ஓங்கைப் பார்க்க அக்காதான் அழைத்துப் போனார். என்ன தெரிகிறது என்று வரைந்து காட்டும்படி டாக்டர் கேட்டிருக்கிறார். மலருக்கு வரைவது வேலை. முதலில் பென்சிலில் அக்காவை, கடைக்காரரை, பக்கத்து வீட்டுப் பெண்மணியை வரைந்தாள். பிறகு கணினியில். பிறகு அந்தப் படங்களை வைத்து ஒரு காட்சி நாவல் செய்யத் தொடங்கினாள்.

காட்சி நாவல் என்றால் பாதி விளையாட்டு, பாதி புத்தகம். திரையில் ஒரு படம் வரும், கீழே இரண்டு மூன்று வரி எழுத்து. தட்டத் தட்டக் கதை நகரும். நடுவில் சில இடங்களில் இரண்டு வழி காட்டி எதில் போகிறாய் என்று கேட்கும். நாம் எதைத் தொடுகிறோமோ அதற்கேற்பக் கதை திரும்பும். இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டாளாம்.

அங்கே போன ஐந்தாம் மாதம் அந்தக் காட்சி நாவலின் கோப்பை எனக்கு அனுப்பினாள். பெயர் வைக்கவில்லை. "டைம் கெடச்சா பாருங்க" என்று ஒரு வரி.

மறுநாள் விடுமுறை எடுத்துக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்குத் திறந்தேன்.

முதல் படத்தில் எங்கள் சமையலறை. பயற்றங்காய், பலகை, கத்தி. ஒரு பெண்ணின் கை மட்டும். தட்டினேன். வாசலில் நான் நின்றேன்.

துண்டு தோளில் கிடந்தது. பனியனின் தையல் பிரிந்த இடம்கூடச் சரியாக இருந்தது. கழுத்து மச்சம், விரலிலிருக்கும் பழைய தீக்காயம், நான் நிற்கும்போது ஒரு காலில் சாய்கிற விதம், எல்லாம் நான். அவள் அவ்வளவு கவனித்திருக்கிறாள். அதற்கு மேலே முகம் இருந்தது.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டேன். நான் நாற்பத்தோரு வயது ஆள். படத்தைக் கண்டு சமையலறைக்கு ஓடினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது அது திரையில் அப்படியே காத்திருந்தது. இதைத்தான் அவள் மூன்று மாதம் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

கதையில் அந்தப் பெண் முகங்களுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள். வெளியே ஊர் முழுக்க உருக்குலைந்தவர்கள். பழத்துண்டு விற்பவர், பேருந்து ஓட்டுநர், கோயில் குருக்கள். அவர்கள் எல்லாரும் அன்பாகப் பேசுகிறார்கள். அந்த அன்புதான் பயமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு நல்ல குரல் வருகிறது. அவள் அந்தக் குரலைக் காதலிக்கிறாள். கதவைத் திறக்காதவரை அது அவளுடையது. குரலுக்குச் சொந்தக்காரன் ஒருநாள் உள்ளே வருகிறான்.

திரையில் எழுத்து வந்தது. அவன் உன் தலையைப் பிடிக்கிறான். கண்ணைத் திறப்பாயா? மூடிக்கொள்வாயா?

மூடிக்கொள்வதைத் தொட்டேன். இருட்டான திரை. ஒரே வரி: "அன்றைக்குக் குரலும் போனது."

திரும்பப் போய்த் திறப்பதைத் தொட்டேன். அதே இருட்டு. அதே வரி.

எத்தனை முறை தொட்டேன் என்று தெரியவில்லை. எதைத் தொட்டாலும் அங்கேதான் போனது. மத்தியானம் அவளை அழைத்தேன்.

"பாத்தேன்," என்றேன்.

"ம்."

"நான் செஞ்சது தப்பு மலர். உனக்கு முடியாதுன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். எனக்குக் கோவம் உன் சீக்கு மேல இல்ல. உன் மேலதான் இருந்துச்சு."

பின்னால் அக்கா வீட்டு மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"எனக்கு முகம் பயமா இருந்துச்சு. நீங்க பயமா இல்ல," என்றாள். "அன்னிக்குத்தான் ரெண்டும் ஒண்ணாப் போச்சு. அதைப் பிரிக்கத் தெரியலங்க. அதனாலதான் ரெண்டு வழியும் ஒரே எடத்துக்குப் போவுது. வேற மாதிரி எழுதிப் பாத்தேன். பொய்யா வந்துச்சு."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

ஆறாம் மாதம் டாக்டர் ஓங் நிறக் கண்ணாடிகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். சில நிறங்களில் சிலருக்குத் திரிபு குறையுமாம். எல்லாருக்கும் பலிக்கும் என்று இல்லை. சிவப்பில் மலருக்கு அதிகமானது. பச்சையில் அடங்கியது. பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பசாருக்குப் போக ஆரம்பித்தாள். மூளையும் தன் பங்குக்கு மெல்ல வேறு வழி தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். முதலில் தெரியாதவர்களின் முகம் சரியானது. பிறகு டாக்டர். பிறகு அக்கா. ஏழாம் மாதம் வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

என் முகம் மட்டும் சரியாகவில்லை. கண்ணாடி போட்டாலும் இல்லை.

டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். "ஏன் என்னுது மட்டும்?"

"பயந்த முகத்தை மூளை தனியாக எடுத்து வைத்திருக்கலாம். எனக்கு உறுதியாகத் தெரியாது," என்றார். பிறகு, "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் எதுவும் குறித்துக்கொள்ளவில்லை. நான் வெளியே வரும்போது, "இனி அவர் எப்போது பார்க்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்," என்றார்.

அப்படியே விட்டேன். பழைய ஏற்பாடுகளுக்குத் திரும்பினோம், கைப்பேசி மட்டும் இல்லாமல். செருமல், இடப்பக்கம், மௌனம். அவளே சில நாள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். "இன்னிக்குக் கண்ணு கொஞ்சம் மேல ஏறியிருக்கு," என்பாள். மழை வருமா வராதா என்று சொல்வதுபோலச் சொல்வாள். தூக்கம் குறைந்த நாளில் எல்லாம் மறுபடி வழிந்துவிடும். எனக்கு மாதக் கணக்கு போய்விட்டது. அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பதே கணக்கு. மூன்று விநாடி. ஏழு விநாடி. ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. பிறகு இருபது.

காட்சி நாவலை இணையத்தில் இலவசமாக வைத்தாள். வாசித்த சிலர் நல்ல திகில் கதை என்று எழுதினார்கள். "அவங்க கதைன்னு நெனைக்கிறாங்க," என்றாள்.

உங்களில் யாராவது இப்படி உருமாறித் தெரிகிறவராக ஆகியிருந்தால் ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் நோய் பிடிக்கும். அதற்கு ஸ்கேன் கிடையாது. முதல் மாதமே யாரிடமாவது சொல்லுங்கள். நான் சொல்லாமல் இருந்ததற்கு மலர்தான் விலை கொடுத்தாள்.

*

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. காலையில் பக்கத்து மாமாக் (தமிழ் முஸ்லிம்) உணவுக் கடைக்குப் போனோம். வழக்கம்போல அவளுக்கு இடப்பக்கம் தெரியும்படி நாற்காலியைச் சாய்த்துப் போட்டேன். ரொட்டி சானாய் வந்தது. அவள் பச்சைக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இந்தப் பக்கம் திரும்புங்க."

"வேணாம் மலர். சாப்பிடு."

"திரும்புங்களேன்."

திரும்பினேன். எண்ணத் தொடங்கினேன். இருபது தாண்டியது. நாற்பது தாண்டியது. எண்ணுவதை விட்டுவிட்டேன். அவள் கண் நகரவில்லை. சுருங்கவும் இல்லை. நெற்றி, வலக்கண், கன்னம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் கிருதா இவ்ளோ நரைச்சிருச்சே," என்றாள். "எப்ப நரைச்சுச்சு?"

அந்தப் பக்கத்தை நானும் பார்த்து நாளாகிறது. கண்ணாடி பார்க்காமல் தடவியே சவரம் செய்து பழகிவிட்டேன். அவளுக்கு என் இடப்பாதி நாள்தோறும் கண்ணெதிரே வயதாகியிருக்கிறது. வலப்பாதி ஒரே காலையில் வயதாகி வந்து நின்றது.

வலக்கன்னம் சூடாகியது. அவள் பார்வை அங்கே ஊர்வது தோலில் தெரிந்தது. இத்தனை மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் என்னால் தாங்க முடியவில்லை. கையை எடுத்து மறைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டது நான்தான்.